படிவத்தில் மட்டும் இருந்த தென்னந்தோப்பு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகத் துணிவு குறையலாம்.

1988. என் மகள் கனகேஸ்வரி ஓர் ஆய்வுக் குழுவில் இருந்தாள். ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் நம் நாட்டவரும் சேர்ந்து, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பினாங்குக் கரையோரத்துக்கு நில வரைபடம் செய்துகொண்டிருந்தார்கள். மேகம் மறைக்காத படம் வருடத்தில் ஒன்று கிடைத்தால் பெரிது. படம் எடுத்த நாளில் ஒவ்வொரு நிலத்திலும் என்ன இருந்தது என்று ஒருவர் நேரில் பார்த்து எழுத வேண்டும். அதைக் கொண்டுதான் கணினி நிறங்களைக் கற்றுக்கொள்ளும்: இது நெல், இது ரப்பர், இது சதுப்பு.

நாற்பது இடங்களுக்குக் கனகா நடந்தே போனாள். நாற்பத்தொன்றாவது, கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் எங்கள் ஐந்து ஏக்கர்.

"அப்பா, நம்ம தோப்புக்கு நான் வேற போகணுமா? நீங்கதான் மாசாமாசம் போறீங்களே. ஃபார்ம்ல நீங்களே எழுதிடுங்களேன்."

"கொண்டா" என்றேன்.

2

(முதல் வரைவில் இந்த இடத்தில் எனக்குக் காய்ச்சல் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அன்று எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.)

ஐந்து வருடம் முன்பே கடலைத் தடுத்திருந்த மண்கரை உடைந்துவிட்டது. உப்புநீர் ஏறித் தென்னைகள் பட்டுப்போயின, நிலம் சதுப்பாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தோப்புக்குப் போவதாகச் சொல்லி மாதாமாதம் ஃபெரி ஏறினேன். அக்கரையில் இறங்கி, பட்டர்வொர்த்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்த நிலம் கனகாவின் சீதனம் என்று ஊருக்கே சொல்லியிருந்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பெண்ணுக்கு நிலம் கொடுப்பதென்பது

[இந்த வாக்கியம் எனக்காக வாதாடத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன்.]

எழுதினேன்: தென்னை. நல்ல காய்ப்பு. பார்வையிட்டவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்திட்டாள்.

3

கணினி என்னை நம்பியது.* கரையோரச் சதுப்பு முழுவதையும் தென்னந்தோப்பு என்று வரைந்து கொடுத்தது. சந்தேகப்பட்ட ஜப்பானியப் பேராசிரியர், கனகாவையும் அவள் தோழி நோர்மாவையும் கூட்டிக்கொண்டு பத்து காவானுக்கே போனார். படகோட்டி முனுசாமி சிரித்திருக்கிறான்.

"தென்னையா? இங்க காக்கா உக்காரவே மரம் இல்லலா, மிஸ்ஸி!"

யார் பார்வையிட்டது என்று பேராசிரியர் கேட்டார். நான்தான், இடம் மாறிப் பார்த்துவிட்டேன் என்றாள் கனகா. இதை நோர்மா பல மாதம் கழித்து எனக்குச் சொன்னாள்.

தோக்கியோவில் இரண்டு வருட ஆய்வு கனகாவுக்கென்று முடிவாகியிருந்தது. வேறொருவர் போனார். அறிக்கையில் அவள் பெயர் இல்லை.

*மனிதர்களும் நம்பினார்கள். கணினியை மட்டும் குறை சொல்வது முறையல்ல.

4

அவர்கள் பத்து காவானுக்குப் போய்வந்த அடுத்த வாரம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்பந்தம் பேசப் பரமநாதன் வந்தார்.

"அப்புத்துரை அண்ணே, தோப்பு தோப்புன்னு சொல்றீங்க, ஒரு இளநீகூட கண்ணுல காட்டலையே! சரியான கஞ்சம்லா நீங்க!"

நான் தொண்டையைச் செருமினேன். தேநீர்த் தட்டோடு நின்ற கனகா முந்திக்கொண்டாள்.

"நல்லா காய்க்குது அங்கிள். போன வாரம்தான் பாத்துட்டு வந்தேன்."

அவள் அங்கே போய்விட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பரமநாதனுக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

அந்தச் சம்பந்தம் பிறகு ஜாதகத்தில் நின்றுபோனது.

5

முடிவுகள்.

ஒன்று: மறுநாள் தகப்பன் பேராசிரியரிடம் போய், பொய் என்னுடையது என்கிறான். எழுதினேன். அழகாகவே வந்தது. நடக்கவில்லை. பேராசிரியர் இன்னும் மூன்று வாரம் பினாங்கில்தான் இருந்தார்.

இரண்டு: மகள் சத்தம் போடுகிறாள். அவள் போடவில்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். எட்டு வருடமாகிறது. தினமும் பஸ் வருமுன் எனக்குக் காப்பி கலந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. காரணம் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதியவன் நான். இதை ஆங்கிலத்தில் எழுதித் தோக்கியோவுக்கு அனுப்ப ஒரு பகல் போதும். ஆனால் தமிழில் எழுதியிருக்கிறேன். பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. கான்வென்டில் படித்த கனகாவுக்குப் பேச வரும், வாசிக்க வராது.

உங்களுக்கு வரும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர் உங்களில் யாராவது இருந்தால், அவள் இருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் சத்தமாக வாசியுங்கள். நான் தடுப்பேன். நிறுத்தாதீர்கள்.