நீளம் பூஜ்யமாக வராது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது என் சொந்தச் சரக்கு இல்லை. நேற்று என் தங்கை போன் செய்து, "அண்ணா, எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா. அவ கதையைச் சொல்றேன், எழுதிக்கோ" என்றாள். "ஒருத்தி" என்றால் யாரென்று கூடப்பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் தெரியாத மாதிரி பேனாவை எடுத்தேன்.

2

மழைச்சாரல் ஜன்னலில் வழிந்துகொண்டிருக்க, அவள் திரையை வெறித்து...

[வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.]

ரவுட்டர்கள் அடுக்கிய அறை. குளிர் நடுக்கும். சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் சோதனை செய்வாள். போன வாரம் ஒரு கோணலான தகவல் பாக்கெட்டைத் தானே தயாரித்து ஒரு ரவுட்டருக்குள் அனுப்பிப் பார்த்தாள். இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் தன் நீளத்தைத் தலையில் எழுதிக்கொண்டு வரும். இதுவோ "என் நீளம் பூஜ்யம்" என்றது. ரவுட்டர் அதை நம்பி, பூஜ்ய தூரம் நகர்ந்து, அதே பாக்கெட்டை மறுபடி படித்து, மறுபடி நகர்ந்து, அங்கேயே மாட்டிக்கொண்டது. விளக்குகள் ஜோராக எரிந்தன. ஓர் எழுத்துகூட அந்தப் பக்கம் போகவில்லை. விஷமத்துக்கு யாராவது இதை அனுப்பினால் ஓர் ஊரே இணையமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

[இந்தப் பத்தியை மூன்று தடவை எழுதினேன். புரியவில்லை என்றால் தப்பு என்னுடையது, ரவுட்டருடையது அல்ல.]

ரவுட்டரை இயக்கும் நிரலைத் திறந்தாள். கோளாறான வரிக்கு மேலே ஒரு குறிப்பு: "நீளம் பூஜ்யமாக வராது. சோதிக்கத் தேவையில்லை." ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவளே எழுதியது.

3

திருத்தம் இரண்டே வரி. மறுநாளே எல்லா ரவுட்டர்களுக்கும் போய்விட்டது. யாருக்கும் சேதமில்லை. கதை சுபம் என்று எழுந்து போயிருப்பேன், தாடி மட்டும் இல்லையென்றால்.

தாடி அவளுக்கு எதிர் மேசை. (தாடியை எடுத்து வெகுகாலமாகிறது, பெயர் நின்றுவிட்டது.) நாலு வருஷம் முன்பு அந்த நிரலின் வரிகளை ஒழுங்காகத் தள்ளி அடுக்கினார், அவ்வளவுதான். எந்த வரியை யார் எழுதினார் என்ற அதற்கு முந்தைய பதிவுகள், வேறு இடத்துக்கு மாற்றியபோது தொலைந்துபோயின. ஆகவே இன்று ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும், கடைசியாகத் தொட்டவர் என்று, அவர் பெயர். மேலாளர், கோளாறு பற்றிய அறிக்கையில் "காரணம்" என்ற இடத்தில் அதையே எழுதிவிட்டார். இன்று மூன்று மணிக் கூட்டத்தில் தாடி ஒப்புக்கொண்டால், குழுவை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

4

முதல் வரைவில் தாடியை வில்லனாக்கியிருந்தேன். அவள் வாய் திறக்காமலிருக்க அதுதான் வசதி. இன்று காலை போனில் படித்துக் காட்டினேன்.

"ஐயோ, பொய் எழுதாத அண்ணா! அவரு எல்லாருக்கும் சேர்த்து சார்ஜர் கொண்டு வர்ற ஆளு. நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? 'எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா பேர் இருக்கே, நானாத்தான் இருக்கும்'னாரு. சொல்லிட்டு எனக்கு டீ வேற வாங்கிக் கொடுத்தாரு."

"உனக்கா? அந்த ஒருத்திக்கா?"

"எனக்குத்தான்" என்றாள். "தொண்டை வரைக்கும் வந்துச்சு அண்ணா. டீயோட சேர்த்து முழுங்கிட்டேன்."

5

அ) அவள் உண்மையைச் சொல்கிறாள். எல்லோரும் கைதட்டி...

[அடித்துவிட்டேன். எந்த ஆபீஸில் கைதட்டுகிறார்கள்?]

ஆ) அவள் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவுமில்லை.

[இது தடையில்லாமல் வந்தது. யார் இதைத் தோண்டப்போகிறார்கள் என்ற நினைப்பு. அந்தக் குறிப்பை எழுதியபோது அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கே வெட்கமாக இருந்தது.]

மூன்றுக்குப் பத்து நிமிஷம். போன்.

"முடிவு எழுதிட்டியா?"

"இல்லம்மா."

"எழுதாத. போனையும் வைக்காத, பையில போட்டுக்கறேன். சும்மா கூட இரு."

கதவுச் சத்தம். பிறகு மேலாளர்: "இந்த வரி நீங்க எழுதினதுதானே?"

தாடியின் குரல்: "பேர் என்னோடதுதான் சார். அப்படின்னா..."

ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம்.

எழுந்தது யாரென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது சத்தம் மட்டும். அடுத்த வரி உங்களுடையது, எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "அவள் எழுந்திருக்க மாட்டாள், சோதிக்கத் தேவையில்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.