பாதிக் கிணறு

1

மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு கிணற்றின் நடுவே குறுக்குச் சுவர் நிற்கிறது. பாதி ஓட்டலுக்கு, பாதி பின்வீடுகளுக்கு. அடியில் தண்ணீர் ஒன்றுதான். இந்தக் கதையைத் தொடங்கும்போது என்னிடம் இருந்தது அந்தச் சுவர் மட்டுமே. பத்திரிகை ஆசிரியர் சுதந்திர மலருக்குக் கதை கேட்டார். "கொடி, ஊர்வலம் ஏதாவது வரட்டும்" என்றார். "பார்க்கலாம்" என்றேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கிணற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "படாங் திடலில் மக்கள் வெள்ளம்..."

(அடித்துவிட்டேன். வற்றிய கிணற்றின் கதையில் வெள்ளத்துக்கு என்ன வேலை?)

இன்னொன்று: "பேராசைக்காரி கமலவேணி, ஏழைகளின் தண்ணீரை..."

இதையும் விட்டுவிட்டேன். கமலவேணி கணவர் போனபின் ஓட்டலைத் தனியாக நடத்துகிறவள். வருஷத்தில் பாதி நாள் அறைகள் பூட்டிக் கிடக்கும். அவளைக் கெட்டவளாக்கினால் எனக்கு வேலை சுலபம். உங்களுக்கும்.

3

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு பிப்ரவரி. லண்டன் போன தலைவர்கள் மலாக்காவில் வந்து இறங்கி மலாயாவின் சுதந்திரத் தேதியைச் சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு. ஓட்டல் நிரம்பியது. மழையோ இல்லை. கமலவேணி எண்ணெயில் ஓடும் பம்ப் வாங்கிக் கிணற்றில் குழாயை இறக்கினாள். விருந்தாளிகள் ஆசைதீரக் குளித்தார்கள். படுக்கை விரிப்புகள் தினமும் துவைபட்டுக் காய்ந்தன.

சுவருக்கு அப்பால் வாளி சேற்றில் இடித்தது.

"அக்கா! உங்க பம்ப்புப் பேய் குடிச்சது போதும், நிறுத்துங்க."

கூப்பிட்டவள் பின்வீட்டு தெய்வானை. (மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வழியினர். அவள் வாயில் மலாய்தான் வரும். 'அக்கா' மட்டும் அவளுடையது, மற்ற தமிழ் நான் கொடுத்தது. அவள் கோபத்தில் பாதியாவது இதில் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.)

"கொஞ்சம் பொறுத்துக்க தெய்வானை. ஆளுங்க போயிடுவாங்க."

"ஆளுங்க போவாங்க. உப்பு போவுமா?"

"என்ன உப்பு?"

"வாயில வெச்சுப் பாருங்க."

கடல் தூரமில்லை. நல்ல தண்ணீரை அளவுமீறி இழுத்தால் அந்த இடத்துக்குக் கடல் வரும். கடலோர உஜோங் பாசிரில் தெய்வானையின் அண்ணன் வீட்டுக் கிணறு அப்படித்தான் போனது. அதன்பின் எத்தனையோ மழை பெய்தும் இனிக்கவில்லை.

கமலவேணி தன் பக்கத்தில் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்திக் குடித்தாள். லேசாகக் கரித்தது. போய் இஞ்சினை நிறுத்தினாள்.

4

குளியலறையிலிருந்து சேதுபதி கத்தினார். ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. கூட்டமாக ஆள் அழைத்து வந்து பாதி அறைகளை எடுத்திருந்தவர்.

"ஏம்மா! தலையெல்லாம் சவுக்காரம்! தண்ணி எங்க?"

"வாளியில இருக்குங்க. இனிமே ஆளுக்கு ஒரு வாளிதான். விரிப்பும் தினம் மாத்த மாட்டேன்."

"நாடே சுதந்திரமாவுது, நாங்க அளந்து குளிக்கணுமா?"

"வெள்ளைக்காரன் கிணத்தத் தூக்கிட்டுப் போகலீங்க. நாமதான் காலி பண்றோம்."

"அப்ப வேற ஓட்டல் பாத்துக்கிறோம் லா!"

"பாருங்க. அங்கயும் கிணறுதான்."

(இங்கே நிறுத்திவிட்டுச் சில நாள் எழுதவில்லை. இவ்வளவு துணிச்சல் இவளுக்கு எங்கிருந்து வந்தது? வசனம் என்னுடையது போல இருந்தது. பிறகு அவள் செய்ததைப் பார்த்தேன்.)

குழாயைக் கழற்றி, வெளியே இழுத்து, சுவருக்கு மேலாகத் தெய்வானையிடம் தள்ளினாள்.

"உன் பக்கம் இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

"அழுதீங்கன்னா?"

"அழுதாலும்."

தன்னையே நம்பாத ஒருத்தி. அப்போதுதான் நான் அவளை நம்பினேன்.

5

முடிவுகள்.

விருந்தாளிகள் மனம் மாறிக் கைதட்டுகிறார்கள். (இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.)

மழை பெய்கிறது. இது ஆசிரியரின் யோசனை: "சுதந்திர மலருக்குங்க ஐயா, மங்களமா முடிங்க." ஒரே வரியில் என்னால் மழை பெய்விக்க முடியும். செய்ய மாட்டேன். கிணற்றை வற்றவைக்கிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு வரியை நம்பித்தான் வற்றவைக்கிறார்கள்.

மறுநாள் காலை. அறைகள் காலி. வாசலில் புதிதாக ஒரு கூட்டம் வந்து, "பம்ப் தண்ணி உண்டா?" என்று கேட்கிறது. கமலவேணி அவர்களை நிற்கவைத்துவிட்டுச் சுவரருகே போகிறாள்.

"தெய்வானை, குழாயக் குடு. இன்னிக்கு மட்டும்."

சுவருக்கு மேலாகக் கையை நீட்டுகிறாள். பூட்டிய அறைகள் அவளை என்ன செய்யும் என்று தெய்வானைக்குத் தெரியும். காலையில் இறைத்த தண்ணீர் இன்னும் கரிக்கிறது என்பதும் தெரியும்.

ஆசிரியர் இன்னும் ஒரு வரி கேட்கிறார். தர மாட்டேன். தெய்வானை கொடுத்ததாகவும் மறுத்ததாகவும் என்னால் எழுத முடியும், அதனாலேயே என் பதிலுக்கு மதிப்பில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது நானும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். அக்கா கேட்கிறாள். சொல்லுங்கள்.