மருமகள் இல்லாத முதல் திதி

என் மனைவி ராஜத்தின் முதல் வருஷத் திதி புரட்டாசி வளர்பிறை சஷ்டியில் வருகிறது, செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று புரோகிதர் போனில் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தபோது அதை வீட்டில் சொன்னேன்.

மகன் கிரி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

“அக்டோபர்ல இல்லியாப்பா?”

“உங்கம்மா போனது அக்டோபர். திதியும் அக்டோபர்லதான் வரணும்னு சட்டமா?”

“போன்ல போட்டு வெச்சிருக்கேனே. ஒன்பதாம் தேதி. வருஷா வருஷம் அதுவே மணி அடிக்கும்.”

“அடிக்கும். திதி அன்னிக்கு வராது.”

சமையலறையில் தோசைக் கரண்டியின் சத்தம் நின்றது. மருமகள் மைதிலி அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

“செப்டம்பர் கடைசி ஞாயிறா மாமா? கண்டிப்பாவா?”

“பஞ்சாங்கத்துல கண்டிப்பில்லாதது என்ன இருக்கு?”

அவள் கிரியைப் பார்த்தாள். கிரி தன் போனைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

மைதிலி உப்பலில் ஒரு மருந்துக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷமாகச் சனி, ஞாயிறுகளில் எம்.பி.ஏ. படிக்கிறாள். ராஜம் படுக்கையில் கிடந்தபோதுகூட ஆஸ்பத்திரி நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படித்தவள். இப்போதெல்லாம் அந்தப் படிப்பில் ஒரு துண்டை வெளிநாட்டில் படித்தாக வேண்டுமாம். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, பத்து நாள் ராட்டர்டாம் என்ற துறைமுக ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு கல்லூரியில் பாடம், ஒரு கம்பெனியில் வேலை, கடைசி நாள் ஐந்து பேரும் சேர்ந்து செய்ததைச் சொல்ல வேண்டும். போகாதவர்களுக்குப் பட்டம் கிடையாது. அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

போவதற்கு இரண்டு தவணை இருந்தது. ஒன்று தசரா விடுமுறையில், இன்னொன்று அக்டோபர் இரண்டாம் வாரம். மாமியார் திதிக்கு வீட்டில் இருக்க வேண்டுமே என்று கிரியின் போனைப் பார்த்து, அக்டோபரை ஒதுக்கிவிட்டுத் தசராவுக்குப் பேர் கொடுத்தாள். அக்டோபர் தவணை இப்போது நிரம்பிவிட்டது. திதிக்காக எடுத்த தேதி திதியின் மேலேயே போய் விழுந்தது. இங்கிலீஷ் தேதியில் திதியைத் தேடும் புத்தி என் மகனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தாத்தா வாலாஜாப்பேட்டையிலிருந்து சிக்கந்தராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு வந்தவர். அப்பாவும் அங்கேதான். நான் குஷாய்குடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றேன். மூன்று தலைமுறையில் நாங்கள் பெரிதாக ஒன்றும் சேர்த்துவிடவில்லை. ஆனால் எங்கள் வீட்டுத் திதிச் சாப்பாடு ஒருநாளும் வெளியிலிருந்து வந்ததில்லை. அதுவும் முதல் வருஷத் திதி என்றால், மருமகள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு சமைத்து, அவள் கையால்தான் படையல் வைக்க வேண்டும். சிக்கந்தராபாத் உறவுக்காரர்களுக்கெல்லாம் இது தெரியும். அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருவார்கள்.

“நான் போகல மாமா. பேரை எடுத்துடச் சொல்றேன்” என்றாள் மைதிலி.

“அப்பா, ஒரு நாளைக்குக் கேட்டரிங்...” என்று கிரி ஆரம்பித்தான்.

“அந்தப் பேச்சை எடுக்காதே.”

அவன் அதற்குமேல் எடுக்கவில்லை. மைதிலி போய் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். அந்தத் தோசை ஒரு பக்கம் கருகிப் போயிருந்தது. அதை அவள் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மாலை நான் முன்னறையில் இருந்தேன். மைதிலி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டே, போனைச் சுவரோரம் நிறுத்தி ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் உமேஷ் என்ற பையன், அவளுடைய ஐவரில் ஒருவன். பேச்சு தெலுங்கில். எழுபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், தெலுங்கு எனக்குப் புரியும்.

மருந்துச் சரக்கைக் குளிர் குறையாமல் கப்பலில் அனுப்புவதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலையாம். ஐந்து பேரில் அந்த வேலை தெரிந்தவள் இவள் ஒருத்திதான். நீ இல்லாமல் நாங்கள் அங்கே போய் என்ன பேசுவது என்று அவன் கேட்டான். குரலில் கோபம்கூட இல்லை, கவலைதான் இருந்தது.

“தப்பு நாதே, உமேஷ். டேட் நேனே சரிகா சூஸ்கோலேது” என்றாள். தப்பு என்னுடையது, தேதியை நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

“மீ மாமய்யகாரு ஒத்தன்னாரா?”

மாமனார் வேண்டாம் என்றாரா என்று கேட்கிறான். நான் நாற்காலியில் அசையாமல் இருந்தேன்.

“லேது லேது. ஆயனகி சம்பந்தம் லேது.”

அவருக்கு இதில் சம்பந்தம் இல்லையாம். புருஷன் செய்த தப்பைத் தன் தப்பு என்றாள். மாமனாரின் பேர் பேச்சில் வராமல் பார்த்துக்கொண்டாள். துணிகளை மடித்து, என் வேட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “காபி போடட்டுமா மாமா?” என்றாள்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டு மானம் என்று நான் ஐம்பது வருஷமாகச் சத்தம் போட்டுக் காத்ததை, இவள் துணி மடித்தபடி சத்தமில்லாமல் காத்துவிட்டாள். தொழிற்சாலையில் ஒருவன் ஷிப்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு வராமல் போனால், அவன் இடத்தை நான் எப்படி அடைப்பேன் என்று எனக்குத் தெரியும். அவனைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும்.

“பேரை எடுத்துட்டியா?”

“இன்னிக்குச் சொல்லணும்.”

“எடுக்காதே. இந்த வீட்ல குடுத்த பேரைத் திரும்ப வாங்கறது கிடையாது. போயிட்டு வா.”

அவள் நம்பவில்லை. “திதிக்கு யார் சமைப்பாங்க?”

“அது உன் கவலை இல்ல.”

“அது ஒண்ணுதான் மாமா என் கவலை.”

“நான் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டேன். காபி போடு.”

பார்த்துக்கொள்வதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வீட்டில் பிறந்த பெண் சமைத்தால் குற்றமில்லை என்று புரோகிதர் சொன்னார். வீட்டில் பிறந்த பெண் என் தங்கை அம்மணி. சைனிக்புரியில் இருக்கிறாள். அவள் புருஷன் ராணுவத்தில் இருந்தவர், அவர் போய்ச் சில வருஷமாகிறது. அவருடைய ஒரு திதிக்கு அம்மணியின் மருமகள் சுப்ரியா, ஆபீஸ் வேலை இருக்கிறது என்று கேட்டரிங்கில் சாப்பாடு வரவழைத்துவிட்டாள். நான் இலையில் உட்கார்ந்த பிறகுதான் அது தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அம்மணி ராஜத்தின் சாவுக்கு வந்தாள், அழுதாள், என்னோடு பேசாமல் போனாள்.

ஆட்டோ பிடித்துப் போனேன். கதவைத் திறந்தவள் சுப்ரியா. “பெரிய மாமா வந்திருக்காங்க அத்தே” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

அம்மணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“ஹவ்! வழி தவறி வந்துட்டியா அண்ணா? உட்காரு. கீழ நக்கோ, வேணாம், நாற்காலியில உட்காரு. கீழ உட்கார்ந்தா பாதியில எழுந்துக்கற பழக்கம் உனக்கு.”

நான் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

“அப்போ உம் மருமவ படிக்கப் போனா அது கௌரவம். எம் மருமவ வேலைக்குப் போனா அது குத்தம்.”

“அப்படிச் சொல்லல.”

“நீ எதைத்தான் வாய விட்டுச் சொன்னே? இலையை மடிக்காம எழுந்து போனியே, அன்னிக்கு ஏதாச்சும் சொன்னியா? வந்த சனம் பூரா என்னத்தான் பார்த்துகினு இருந்துச்சு.”

சுவரில் அவள் புருஷன் சீருடையில் இருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ராஜம் அண்ணிக்குச் செய்யறதுக்கு நீ வந்து கேக்கவே வேணாம்” என்றாள் அம்மணி. “வரேன். ஆனா என் முட்டிக்கு இப்போ ஒருமணி நேரம் நிக்க முடியாது. ஒத்தை ஆளா படையல் சமைக்க மாட்டேன். சுப்ரியா கூட வரணும். அவ கை பட்ட சோறு உனக்கு இறங்குமா?”

“இறங்கும்.”

“எங்கிட்டச் சொல்லாதே. அவளக் கூப்பிடறது நான் இல்ல, நீ.”

சுப்ரியா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வயதில் என் மகளைப் போன்றவள். அவளிடம் நான் நேராகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்ததால் அவளைப் பார்க்கக் கழுத்தை மட்டும் திருப்ப வேண்டியிருந்தது. அது சரியில்லை என்று பட்டது. எழுந்து நின்றேன்.

“நீயும் வரணும்மா. உங்க அத்தைக்குத் துணையா.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படிப் பார்க்க அவளுக்கு உரிமை இருந்தது.

“என்னிக்கு மாமா?”

“செப்டம்பர் கடைசி ஞாயிறு.”

“ஆபீஸ் லீவு. வரேன்” என்றாள். பிறகு, “டீ குடிக்கிறீங்களா? பால் மட்டும் வெளியில வாங்கினது” என்றாள்.

அம்மணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் டீயைக் குடித்தேன்.

மைதிலி தசரா விடுமுறை தொடங்கியதும் கிளம்பினாள். ராஜத்தின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு என் காலைத் தொட்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தப்பித்து ஓடுகிறவளைப் போலக் கூச்சப்பட்டாள். பேத்தி சாஹித்யா மட்டும், “மம்மி, சாக்லெட் மர்ச்சிபோகு” என்று, மறக்காமல் வாங்கி வரச் சொல்லிக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

திதி அன்று காலையிலிருந்தே தெருவில் பதுகம்மாப் பண்டிகைப் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மணியும் சுப்ரியாவும் விடிவதற்கு முன்பே வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்பில் நின்றார்கள். அம்மணி அரைமணிக்கு ஒருதரம் ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். சுப்ரியா பேசாமல் வேலை பார்த்தாள். படையல் வைத்து, காக்கைக்குச் சோறு போட்டு, காக்கை எடுக்கும் வரை எங்கள் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டுச் சத்தத்தில் காக்கை வரவே மறுத்தது. கிரி மொட்டைமாடியில் வெயிலில் நின்று கத்திக் கூப்பிட்டு, அவன் தொண்டை கட்டிய பிறகுதான் ஒன்று வந்து எடுத்தது.

பந்தியில் ராஜத்தின் தங்கை வசந்தகுமாரி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். மெட்டுகுடாவிலிருந்து வந்திருந்தாள். இலையில் சோறு விழுந்ததும் தொடங்கினாள்.

“மைதிலி எங்க மாமா? கண்ணுலயே படல?”

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். என் வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

“ராட்டர்டாமுக்குப் படிக்கப் போயிருக்கா. நான்தான் அனுப்பினேன்.”

“பத்து நாள் ஊர் சுத்தறதுக்குப் பேரு படிப்பா? என் ஓர்ப்படி பையனும் அப்படித்தான் போனான். போட்டோதான் எடுத்துகினு வந்தான்.”

“இவ மருந்துச் சரக்குக் கணக்கு எடுத்துகிட்டு வருவா.”

“தலை வருஷத் திதிக்கு மருமக இல்ல. எங்கக்கா உயிரோட இருந்திருந்தா என்ன நினைக்கும்?”

“உயிரோட இருந்திருந்தா திதியே இல்லியே” என்றேன்.

பரிமாறிக்கொண்டிருந்த சுப்ரியாவின் கரண்டி ஒரு நொடி நின்றது. அம்மணிக்குப் புரையேறியது. அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே, அந்தக் கோடியில் இரண்டு பேர் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. ‘பெருமாளுக்கு வயசாயிடுச்சு’ என்று ஒருவர் என்னைப் பற்றிச் சொன்னார்.

வசந்தகுமாரி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் படி இறங்கிப் போனாள். திதி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவள் முறைப்படி போனாளா, கோபித்துக்கொண்டு போனாளா என்று கண்டுபிடிக்க வழியில்லை. மற்றவர்களும் அப்படியே ஒவ்வொருவராகப் போனார்கள். நான் வாசலில் நின்று எல்லாருடைய முதுகையும் பார்த்தேன்.

அம்மணி கூடத்தில் கால் நீட்டிப் படுத்துவிட்டாள். சுப்ரியா பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். அப்போது கிரி போனைக் கொண்டுவந்து கொடுத்தான். மைதிலி.

“எல்லாம் ஆச்சா மாமா? காக்கா எடுத்துதா?”

“எடுத்துது. லேட்டாத்தான்.”

“யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாங்க.”

பின்னால் யாரோ தெலுங்கில் அவளைக் கூப்பிட்டார்கள்.

“அப்போ நான் சாப்பிடலாமா மாமா? இங்க காலையில பத்தரை. உமேஷ் ரொட்டியை வெச்சுகிட்டு ரொம்ப நேரமா நிக்கறான். எதுக்குச் சாப்பிட மாட்டேங்கறேன்னு அவனுக்குப் புரியல.”

சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

“சாப்பிடும்மா” என்றேன்.