கடித்திருக்கும் நேரம்

பேருந்து நிலையத்தில் மைக் பிடிக்கிறவளுக்கு நாற்பத்திரண்டு வயதில் பல்லுக்குக் கம்பி போட ஆசை வந்தது. "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்காத ஆளில்லை. அவள் யார் பேச்சைக் கேட்டாள்? முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்க, இத்தனை காலம் கையால் வாயை மறைத்துச் சிரித்ததே போதும் என்றுவிட்டாள். கம்பி ஏறியதும் நாக்கு குளறியது. எந்த வண்டி எங்கே நிற்கிறதென்று அவள் சொன்னால் பயணிகள் சிரித்தார்கள். கம்பியை எடுக்கும்வரை டிக்கெட் கவுண்டரில் உட்காரச் சொல்லிவிட்டார் மேலாளர். பேச்சே பிழைப்பாக இருந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சீக்கிரமா நகர ஏதாவது வழி இருக்கா டாக்டர்?"

பல் மருத்துவர் சின்னப் பெண்தான். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். "பெரியவங்களுக்கு எலும்பு கெட்டிங்க. பல்லுக்கு முன்னால கரையணும், பின்னால புதுசா வளரணும். மெதுவாத்தான் வழிவிடும்." ஒரு சின்னக் கருவியை எடுத்து நீட்டினார். "இதைக் கடிச்சுக்கிட்டா அதிரும். சிலர் வேகமா நகருதுங்கறாங்க, சிலருக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. தினம் இருபது நிமிஷம். அந்த நேரம் பேச முடியாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் இடித்தது.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். கடையில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். பாவம், அவர் ஒரு வாக்கியம் தொடங்கினால் இவள் அதை முடித்து, பதிலும் சொல்லிவிடுவாள். பிறகு மனுஷனுக்குப் பேச என்ன இருக்கிறது?

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை ஒரு நாள்கூடத் தங்கவில்லை. இவள் மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. முகம் பார்த்தவர் அவர் மட்டுமே. அவர் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் இவள் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டில் சண்டை என்று வேறெதையாவது இழுத்துப்போட்டு மூடினாள். பயம்தான், வேறென்ன.

சாயங்காலம் கருவியைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வாள். அதிர்வு தாடையில் ஏறி, காதுக்குள் நிறைந்து, திரைச்சீலையும் அலமாரியும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெல்ல அசையும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த மிதப்பில் அவர் குரல் எங்கிருந்தோ வந்தது. முதலில் கடைக்கதை. அப்புறம் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல். இன்னொரு நாள் மாடிப்படி. மாதக்கணக்கில் ஒவ்வொரு மாலையும் துளித்துளியாக நகர்ந்து, பேச்சு அந்த அறைக் கதவுவரை வந்து நின்றது.

மறுநாள் பார்த்து மருத்துவர் கம்பியைக் கழற்றிவிட்டார். "இனி அந்த மெஷின் வேண்டாம்மா. நாளைக்கே மைக் பிடிக்கலாம்."

துள்ளிக் குதிக்க வேண்டியவள் வீட்டுக்கு வந்து, சார்ஜ் தீர்ந்த கருவியைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அறை மிதக்கவில்லை. அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கதவைத் தொறந்ததும் நர்ஸ் என் கையில குடுத்தாங்க. சின்னதா, சூடா இருந்தா. மூக்கு யாரு ஜாடைன்னு தெரியல. வாய் உன்னோடதுதான். லேசா தொறந்து, ஏதோ சொல்லப்போறவ மாதிரியே இருந்தா."

அவள் கருவியை வெளியே எடுத்தாள். அவர் பழக்கதோஷத்தில் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அது ஓடலன்னு தெரியும்," என்றார் தலையைக் குனிந்தபடி. "நாள் முழுக்க மெஷின் சத்தத்துல கெடக்கறவனுக்குத் தெரியாதா? சொன்னா எடுத்துடுவியோன்னு பயமா இருந்துச்சு."

அவள் அதை மடியில் வைத்தாள். புதுப் பல்வரிசை நாக்கில் வழவழவென்று பட்டது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"அப்புறம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.