கனடாவில் இல்லாத அப்பா

பள்ளிக்கூடமென்றால் கணக்கும் சமயமும் படிப்பிக்க வேண்டும். இந்த இமெல்டா ரீச்சருக்கு என்ன விசர்? பிள்ளைகளின் மனப்பாரம் குறைய வகுப்பில் கதை வாசிக்கிறாராம்! யாரோ வெள்ளைக்காரர் வந்து பழக்கிவிட்டுப் போனார்களாம்.

வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் பொலிசார் என் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் மகளோடு பாமன்கடைக்கு அறை மாறி வந்து, அவர் கனடாவில் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். நான் மட்டுமா? கொழும்பில் எத்தனை வீட்டில் இதே கனடா! மறியலில், சிறைக்குள் இருப்பவரின் குடும்பத்துக்கு யார் அறை தருவார்கள்? ஒன்பது வயது மகள் துஷாந்திக்கும் அதையேதான் சொல்லி, அவளுக்குத் தெரியாமல் நான் மட்டும் போய் அவரைப் பார்த்து வந்தேன். அவளும் அப்பா பனியில் நிற்கிறதாகப் படம் கீறிச் சிரித்துக்கொண்டே தருவாள்.

நேற்று வீட்டுக்கார ஜெகதீஸ்வரி அக்கா வாசலில் வந்து நின்றார்.

“உம்மட மனுசன் மறியலிலயாம். உம்மட மகள் வகுப்பில சொன்னதை என்ர பிள்ளை வந்து சொல்லுறாள். எனக்குப் பொலிஸ் வில்லங்கம் வேண்டாம். வேற இடம் பாரும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

“ஆரைக் கேட்டு என்ர பிள்ளையின்ர வாயைக் கிளறினனீங்கள், ரீச்சர்?”

“நான் கிளறேல்லை, அம்மா. ஒரு யானைக்குட்டியின்ர கதை வாசிச்சனான். தகப்பன் யானையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். ‘அப்பா தூரதேசம் போட்டார்’ எண்டு தாய் சொல்லுது. குட்டி நம்பிச்சுதோ எண்டு கேட்டன். துஷாந்தி எழும்பி, இல்லை எண்டவள். பிறகு தன்ர கதையைச் சொன்னவள்.”

“கதையாம் கதை! உங்கட கதையால நாங்கள் இப்ப நடுறோட்டில!”

“ரீச்சரைப் பேசாதேங்கோ, அம்மா,” என்றாள் துஷாந்தி. “அப்பாவை ஜீப்பில ஏத்தேக்க நான் யன்னலால பாத்தனான்.”

“அப்ப ஏனடி அந்தப் பனிப்படம் கீறினனீ?”

“நான் நம்பாட்டி நீங்கள் அழுவீங்கள்.”

ரீச்சரை விட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கோபம் மட்டும் போகவில்லை. நேரே திரும்பி வந்து ஜெகதீஸ்வரி அக்காவின் கதவில் அடித்தேன்.

“ஓம், மறியலிலதான்! களவெடுத்துப் போகேல்லை, தமிழனாய்ப் பிறந்ததுக்காகப் போனவர். அறையை விடுறன். இனி ஒருத்தருக்கும் பொய் சொல்லமாட்டன்.”

மகளின் பக்கம் திரும்பினேன். “இந்த முறை நீயும் வா. அப்பாவைப் போய்ப் பாப்பம்.”

இத்தனை மாதமாகச் சிரித்துக்கொண்டே இருந்த பிள்ளை, அந்த வாசலிலேயே குந்தியிருந்து குழறி அழுதாள்.