கான்ட்ராக்டரின் சொந்தங்கள்

குளத்தூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தளம் போட வேண்டும். சாரத்தில் நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றப் போகிற சித்தாள்களில் திலகவதியும் ஒருத்தி. போன வாரம் அதே சாரத்தில் பலகை நழுவி அவளுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. கான்ட்ராக்டர் உதயசூரியன் ஒரு தைலப் புட்டியை நீட்டியதோடு சரி.

"அரசாங்க வேலைன்னா எல்லாருக்கும் விபத்துக்கு இன்சூரன்ஸ் போடணுமாம்ல. எங்களுக்குப் போட்டிருக்கீங்களாண்ணே?" என்று அன்றே கேட்டாள்.

"கொத்தனாருகளுக்குப் போட்டாச்சு. சட்டி தூக்குறதுல ஒங்களுக்கு என்ன ஆபத்து?"

திலகவதி காலைத் தூக்கிக் காட்டினாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இன்று இன்ஜினியர் ஹரிணியின் ஜீப் திருப்பத்தில் தெரிந்ததுமே அவர் சித்தாள்களிடம் பதறி ஓடிவந்தார்.

"இன்சூரன்ஸ் இல்லாத ஆளு நின்னா வேலையவே நிறுத்திருவாங்க. கேட்டா என் சொந்தக்காரங்க, கட்டடம் பாக்க வந்தோம்னு சொல்லிருங்க!"

சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண் சட்டைகளைக் கழற்றி, பெண்கள் மணல் குவியலுக்குப் பின்னால் வீசினார்கள்.

"இவங்க யாரு?" என்றாள் ஹரிணி.

"சொந்தக்காரங்க மேடம். சும்மா பாக்க வந்தாங்க."

"கூடப் பொறந்த தங்கச்சி" என்று திலகவதி முன்னால் வந்தாள். உதயசூரியனின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "ஆவணியில எம் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரு பவுன்லதான் செய்வேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அப்படித்தானண்ணே?"

"ஆமா… ஆமா."

"நான் மச்சினி" என்றாள் இன்னொரு சித்தாள் அடைக்கலமேரி, கழுத்துச் சிலுவையைச் சரிசெய்தபடி.

ஹரிணி சிலுவையைப் பார்த்தாள். உதயசூரியனின் நெற்றிப் பட்டையையும் பார்த்தாள்.

"கையெல்லாம் சிமெண்டா இருக்கே?"

"அண்ணன் கட்டுற கட்டடமாச்சே. தொட்டுத் தொட்டுப் பாத்தோம்" என்றாள் திலகவதி.

ஹரிணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். இன்சூரன்ஸ் இருக்கிறவங்கதான் சாரத்துல நிக்கணும். சொந்தக்காரங்க கீழ இருந்தே பாக்கட்டும்."

ஜீப் போனதும் உதயசூரியன் கத்தினார். "பவுனா? யாரைக் கேட்டுச் சொன்ன?"

"நீங்கதானண்ணே சொந்தம்னீங்க. சொந்தம்னா சும்மாவா?"

"சரி சரி, காலையில வெள்ளன வந்துருங்க. அந்தம்மா வாரதுக்குள்ள முடிச்சிருவோம்."

வெள்ளனவே வந்தார்கள். பட்டுச் சேலையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக வந்தார்கள். அடைக்கலமேரி கையில் வாழைப்பழத் தட்டு. நேராகப் போய் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கலவை மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. கொத்தனார்கள் மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னத்தா இது கோலம்? சட்டியத் தூக்குங்க!"

"விருந்தாளி சட்டி தூக்குவாங்களாண்ணே? மொதல்ல காப்பி சொல்லுங்க."

"மத்தியானம் கறியா, சாம்பாரா, அத்தான்?" என்று கேட்டாள் அடைக்கலமேரி.

உதயசூரியன் மெஷினைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். கடைசியில் போனை எடுத்து, புதுக்கோட்டையில் இருந்த இன்சூரன்ஸ்காரரைப் பிடித்தார். "பொம்பளையாளுக அத்தனை பேரையும் சேருங்க. இப்பவே!"

தன் போனில் தன் பெயரோடு இன்சூரன்ஸ் செய்தி வந்து விழும்வரை, திலகவதி பட்டில் ஒரு மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் பையிலிருந்த பழஞ்சேலையையும் சட்டையையும் எடுத்தாள்.

ஹரிணி வந்தபோது அவள் சாரத்தின் நடுவில் நின்று சட்டி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன, அண்ணனுக்கு ஒத்தாசையா?"

"இல்ல மேடம், கூலி வேலை. இன்சூரன்ஸ் இருக்கு."

"அப்ப சொந்தம் முடிஞ்சுச்சுல்ல?" என்றார் உதயசூரியன், கீழேயிருந்து மெதுவாக.

"முடிஞ்சுச்சுண்ணே" என்று திலகவதி அடுத்த சட்டியை வாங்கினாள். "காதுகுத்துப் பத்திரிகையில மட்டும் தாய்மாமன்னு ஒங்க பேரைப் போடச் சொல்லிட்டேன்."