பின்சீட்டில் கிடந்த பாட்டில்

பணிமனையில் அவனை ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து ஓட்டிய காலத்தில் எல்லாரையும் முந்திப் போனதால் ஒட்டிக்கொண்ட பட்டம். இப்போது பேருந்து கழுவுகிறான். "ராக்கெட்டு தரையிறங்கிடுச்சுடா" என்று சிரித்தபடி, அவன் துடைத்து முடித்த படியிலேயே ஓட்டுநர்கள் சேற்றுக்காலை வைத்து ஏறுவார்கள்.

அவர்கள் சிரிக்கவாவது செய்தார்கள். வாசல் அறையில் உட்கார்ந்திருக்கும் பழைய நடத்துநர் அவன் முகத்தையே பார்ப்பதில்லை. ராக்கெட் குடித்துவிட்டுப் பாலத்துச் சுவரில் வண்டியை மோதியபோது முன்படியில் நின்றவர் அவர். வலது கால் முழங்காலோடு போயிற்று.

சிறையிலிருந்து வந்தபின் ராக்கெட் இரண்டு முறை குடியை விட்டான். இரண்டு முறையும், "என் மனசு இரும்பு, யார் தயவும் வேணாம்" என்று மனைவியிடம் மார்தட்டிய வாரத்திலேயே சாக்கடையோரம் விழுந்து கிடந்தான். மூன்றாம் முறை விட்டபோது அவன் எதுவும் சொல்லவில்லை. மனைவியும் எதுவும் கேட்கவில்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஒரு மதியம், பின்சீட்டுக்கு அடியில் பாட்டில் ஒன்று கிடந்தது. பாதிக்கு மேல் இருந்தது. பேருந்தில் வேறு யாருமில்லை. கை தானாக எடுத்தது. கொட்டிவிடலாம் என்று நினைத்தான். கொட்ட வேண்டுமானால் திறக்க வேண்டும். திறந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"கடவுளே, என்னால முடியல" என்றான். அதுவரை யாரிடமும் சொல்லியிராத வார்த்தை. சொன்னதும் கால்கள் நகர்ந்தன.

பாட்டிலை மறைக்காமல் முற்றத்தைக் கடந்தான். "பத்தியம் முடிஞ்சுதுடோய்" என்று ஒருவன் விசிலடித்தான். ராக்கெட் வாசல் அறையில் போய் நின்றான்.

"அண்ணே."

"யாருக்கு யாருடா அண்ணன்?"

"இதை என் கையிலேர்ந்து வாங்கிக்குங்க. கீழ வைக்க முடியல."

"கொட்டித் தொலைக்க வேண்டியதுதானே."

"மூடியைத் திறந்தா குடிச்சிருவேன்."

"இத்தனை பேர் இருக்கானுங்க. எதுக்கு என்கிட்ட வந்தே?"

"அவங்க யாராவது பாவம் பார்த்து, ஒரு வாய் குடிச்சுக்கோன்னுடுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க."

நடத்துநர் பாட்டிலைப் பிடுங்கினார். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து, வாசல் சாக்கடையில் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார்.

"இரக்கப்பட்டுச் செய்யல."

"தெரியும்ணே."

"அன்னிக்கு வண்டி எடுக்கறப்போ, 'என்னால முடியாது, குடிச்சிருக்கேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ரோஷம் விடல."

அவர் காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் எறிந்தார். பிறகு, "போய் வேலையைப் பாரு" என்றார்.

மறுநாள் ஓட்டுநர் இருக்கையிலேயே ஒரு முழு பாட்டில் நின்றது. வேண்டுமென்றே வைத்தது. ஜன்னல்களுக்கு வெளியே தலைகள் காத்திருந்தன. ராக்கெட் அதையும் எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவிலேயே நடந்தான். சிரிப்பு காதில் விழுந்தது. முன்போல் சுடவில்லை. முந்த வேண்டியவர்கள் அங்கே யாரும் இருந்ததாக அவனுக்குத் தோன்றவில்லை.

இந்த முறை நடத்துநர் கொட்டி முடித்துவிட்டு ஓட்டுநர்களைப் பார்த்துக் கத்தினார். "இன்னொரு பாட்டில் வண்டியில இருந்துச்சுன்னா, வச்சவன் மண்டையில உடைப்பேன். இவன் எனக்குச் செஞ்சது போதாதா, திரும்பக் குடிக்க வச்சு இன்னொருத்தன் காலையும் எடுக்கணுமா?"

அதன்பின் பாட்டில் வைக்கும் விளையாட்டு நின்றது. நடத்துநர் அவனை மன்னிக்கவில்லை. அவனும் அதைக் கேட்கவில்லை. பயணிகள் விட்டுப்போனது எப்போதாவது கிடைத்தால், நேராக அவரிடம் கொண்டுபோய்க் கையை நீட்டுவான். திட்டிக்கொண்டே அவர் வாங்கிக்கொள்வார்.